ஏழையின் பங்கு



"அம்மா, தர்மம் போடுங்க!" என்னும் குரல் நமக்குப் புதியதன்று. திருக்காட்டுப்பள்ளிப் பேருந்து நிலையத்தில் அதைக் கேட்கிறோம். பூண்டி மாதா திருத்தலத்தின் வாயிலிலும் கோயில் வாசல்களிலும் சந்தைக் கடைகளிலும் கேட்கிறோம். கைக்கு வந்த நாணயத்தைத் தட்டில் போட்டுவிட்டு நடந்துவிடுகிறோம். அந்தத் தட்டில் விழுந்த காசுக்கும் "தர்மம்" என்று பெயர். நீதி தவறாத அரசனின் ஆட்சிக்கும் "தர்மம்" என்றே பெயர். உலகத்தைத் தாங்கி நிற்பது என்னும் பெரும்பொருள் உடைய ஒரு சொல், ஒரு ரூபாய் நாணயத்துக்கு எப்படி வந்து சேர்ந்தது? ஏழைக்குக் கொடுக்கும் வழக்கம் எங்கே பிறந்தது? அதன் உண்மைப் பொருள் யாது? இவற்றை என் சிற்றறிவுக்கு எட்டிய வரையில் இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன்.

சொற்கள் சொல்லும் செய்தி

ஒரு பொருளின் வரலாற்றை அறிய அதன் பெயரைப் பார்த்தாலே பாதி விளங்கிவிடும். தமிழில் கொடுத்தலைக் குறிக்கப் பல சொற்கள் உண்டு. ஈகை, கொடை, அறம், ஐயம், பிச்சை என்று அடுக்கிக்கொண்டே போகலாம். தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் ஈ, தா, கொடு என்ற மூன்று சொற்களுக்கும் வேறுபாடு காட்டுகிறார். தன்னைவிட உயர்ந்தவனிடம் கேட்பவன் "ஈ" என்பான். தனக்கு ஒப்பானவனிடம் கேட்பவன் "தா" என்பான். தன்னைவிடத் தாழ்ந்தவனிடம் கேட்பவன் "கொடு" என்பான். கேட்கும் சொல்லிலேயே மேல், கீழ், சமம் என்ற மூன்று படிகள் இருந்திருக்கின்றன. ஏழை நிற்பது அவற்றுள் கடைசிப் படியில்!

திருவள்ளுவர் "ஈகை" என்னும் அதிகாரத்துக்கு முன்னால் "ஒப்புரவறிதல்" என்னும் அதிகாரத்தை வைத்திருக்கிறார். ஊருக்கு உதவி வாழும் கடமையை அறிவது என்பது அதன் கருத்து. "ஒப்பு" என்பது அச்சொல்லில் இருப்பதைக் கவனியுங்கள். அதன் பிறகே ஈகையைச் சொல்கிறார். இல்லாதவருக்குக் கொடுப்பதுதான் ஈகை. மற்றவருக்குக் கொடுப்பதெல்லாம் திரும்பப் பெறலாம் என்று எண்ணிக் கொடுக்கும் கடன் போன்றது என்று முதல் குறளிலேயே தெளிவாக்கிவிடுகிறார். உறவினர் வீட்டுத் திருமணத்தில் நாம் எழுதும் மொய் ஈகை ஆகாது என்பது இதனால் விளங்குகிறது.

நம் மொழியை விட்டுச் சற்று வெளியே போவோம். யூதர்கள் ஏழைக்குக் கொடுப்பதை எபிரேய மொழியில் "ஸெதாக்கா" என்பர். நீதி என்ற சொல் பிறந்த அதே வேரில் இதுவும் பிறந்தது. இஸ்லாமியர் கடமையாகக் கொடுப்பதை "ஜக்காத்" என்பர். தூய்மை என்பது அதன் பொருள்களுள் ஒன்று. சேமிப்பில் நூற்றுக்கு 2½ பங்கு கொடுக்க வேண்டும். விளைச்சலில், மழையால் விளைந்ததற்குப் பத்தில் ஒன்றும், உழைத்து நீர் இறைத்து விளைத்ததற்கு இருபதில் ஒன்றும் தர வேண்டும். செல்வருடைய பொருளில் கேட்பவருக்கும் இல்லாதவருக்கும் உரிமை உண்டு என்பது திருக்குர்ஆன் கூறும் கருத்தாகும்.

தருமம், அறம், ஸெதாக்கா, ஜக்காத் ஆகிய இந்தச் சொற்களை ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படுகிறது. பழங்கால மக்கள் ஏழைக்குக் கொடுப்பதைத் தங்கள் தாராள மனத்தின் அடையாளமாக மட்டும் நினைக்கவில்லை. ஏழைக்குரிய பங்கை அவனிடம் சேர்ப்பதாகவே நினைத்தார்கள். இக்கருத்து எங்கிருந்து வந்தது என்று தேடினால், நெல் விளையும் நம் பூமிக்கு மிகவும் நெருக்கமான ஓர் இடத்துக்கு வந்து சேர்கிறோம். அந்த இடம் அறுவடை வயல்.

வயலில் எழுதிய சட்டம்

பழைய ஏற்பாட்டில் லேவியர் நூலிலும் இணைச்சட்ட நூலிலும் அறுவடை பற்றிய சட்டங்கள் இருக்கின்றன. வயலின் ஓரம் வரை ஒட்ட அறுக்கக் கூடாது. சிந்திய கதிர்களைத் திரும்பப் போய்ப் பொறுக்கக் கூடாது. மறந்து விட்டுவந்த அரிக்கட்டை எடுக்கத் திரும்பிப் போகக் கூடாது. திராட்சைத் தோட்டத்தில் விழுந்த பழங்களையும் எடுக்கலாகாது. அவையெல்லாம் ஏழைக்கும் அந்நியனுக்கும் அனாதைக்கும் கைம்பெண்ணுக்கும் உரியவை.

இதில் ஒரு நுட்பம் உண்டு. நிலக்காரர் தம் கையால் எடுத்துக் கொடுப்பதில்லை. ஏழை தானே வயலில் இறங்கித் தன் கையால் பொறுக்கிக்கொள்கிறாள். யாரிடமும் கை நீட்ட வேண்டியதில்லை. யாருக்கும் கும்பிடு போட வேண்டியதில்லை. மோவாபு நாட்டுப் பெண்ணாகிய ரூத்து, மாமியார் நகோமியுடன் பெத்லகேமுக்கு வந்து, போவாசின் வயலில் வாற்கோதுமைக் கதிர் பொறுக்கியது இந்தச் சட்டத்தின்படியே. அவள் அயல்நாட்டுக்காரி, கைம்பெண், ஏழை. அவள் வழிமரபில் தாவீது அரசரும், அவர் வழியில் நம் ஆண்டவராகிய இயேசுவும் தோன்றினர். யாரோ ஒருவர் வயலோரத்தை அறுக்காமல் விட்டதற்கு எவ்வளவு பெரிய பலன் பாருங்கள்!

நம் காவிரிக் கரையிலும் கதிர் பொறுக்கும் வழக்கம் இருந்தது. அறுவடை முடிந்த வயலில் ஏழைப் பெண்களும் சிறு பிள்ளைகளும் முறத்தோடும் கூடையோடும் இறங்கிச் சிந்திய கதிர்களைப் பொறுக்குவார்களாம். ஒரு நாள் முழுவதும் பொறுக்கினால் ஒரு வேளைக் கஞ்சிக்காவது கிடைக்கும் என்று என் பாட்டி சொல்வார். முற்றிய கதிர்களைக் கொத்தாகப் பின்னி வீட்டு வாசலில் குருவிகளுக்காகக் கட்டித் தொங்கவிடுவதும் உண்டு. சிட்டுக்குருவிக்கும் விளைச்சலில் பங்கு!

களத்து மேட்டில் நெல்லை அளக்கும்போது ஊர்ப்பணி செய்யும் தச்சர், கொல்லர், வண்ணார், வெட்டியார் முதலியோருக்கு முதலில் நெல் அளந்து கொடுப்பது பழைய மரபு. அந்தப் பங்குக்கு என்ன பெயர் தெரியுமா? "சுதந்திரம்"! நாம் ஆகஸ்டு 15-ஆம் நாள் கொடியேற்றிக் கொண்டாடும் அதே சொல்தான். உரிமைப் பங்கு என்ற பொருளில் அதை வழங்கினர். பெயர் உயர்வாக இருந்தது; ஆனால் வாழ்வு அப்படி இருக்கவில்லை. அதே மக்களைச் சாதியின் பெயரால் ஒதுக்கி வைத்ததும் இதே களத்து மேடுதான். பங்கு கொடுத்தால் மட்டும் போதாது, மதிப்பும் கொடுக்க வேண்டும் என்பதற்கு நம் ஊர்களின் பழைய வாழ்க்கையே சான்று.

இன்று பெரும்பாலான வயல்களில் அறுவடை இயந்திரம் இறங்கிவிட்டது. சில மணி நேரத்தில் வேலை முடிந்துவிடுகிறது. ஏழை இறங்கிப் பொறுக்கும் வழக்கமும் அதனோடு மறைந்து வருகிறது. அந்தப் பங்கை வேறு எந்த வழியில் சேர்ப்பது என்பது நம் தலைமுறையின் கேள்வி.

காவிரி வளர்த்த அறம்

காவிரி கடலில் கலக்கும் பூம்புகாரில்தான் மணிமேகலையின் கதை தொடங்குகிறது. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி அவள் கைக்கு வருகிறது. கற்பிற் சிறந்த ஆதிரையிடம் முதற்பிச்சை பெறுகிறாள். தீராப் பசிநோயால் வாடிய காயசண்டிகையின் பசியைத் தீர்க்கிறாள். பிறகு அவள் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. சோழ மன்னனிடம் சிறைச்சாலையை அறச்சாலையாக மாற்றும்படி வேண்டுகிறாள், மன்னனும் இசைகிறான். தன் கைப் பாத்திரத்தோடு நில்லாமல், அரசின் சட்டத்தையே மாற்றிய இளம்பெண் அவள்! பெண் பிள்ளைகளாகிய நாம் இதை நினைவில் வைக்க வேண்டும்.

பிற்காலத்தில் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர்கள் இராமேசுவரம் செல்லும் சாலையில் பல சத்திரங்களை ஏற்படுத்தினர். ஒரத்தநாட்டில் உள்ள முக்தாம்பாள் சத்திரம் அவற்றுள் ஒன்று. இரண்டாம் சரபோஜி மன்னர் 1801-இல் ஆங்கிலேய அதிகாரிக்கு இச்சத்திரங்களைக் காக்க வேண்டி ஒரு கடிதம் எழுதினார். சத்திரங்களில் நடப்பதை அதில் விவரித்தார். எல்லாச் சாதி வழிப்போக்கருக்கும் சோறு உண்டு. நோயுற்றோருக்கு மருத்துவர் உண்டு. குழந்தைகளுக்குப் பால் உண்டு. கருவுற்ற பெண்களுக்குக் கவனிப்பு உண்டு. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்குக் கல்வியும் உண்டு. நள்ளிரவில் ஒரு மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் யாரேனும் இருந்தால் வரலாம் என்று அறிவிப்பார்களாம்.

அந்த மணியை எண்ணிப் பாருங்கள்! பசித்தவன் வந்து கதவைத் தட்டும்வரை காத்திருக்கவில்லை. சோறு இருக்கும் இடம் பசித்தவனை அழைத்தது. சாதிக்கொரு பந்தி இருந்த காலம் அது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் இருட்டில் ஒருவன் பசியோடு படுத்துவிடக் கூடாதே என்ற கவலை அந்த மணியோசையில் இருந்தது.

அந்தச் சாதி வேலியையும் தாண்டியவர் வள்ளலார் இராமலிங்க அடிகள். வடலூரில் 1867-ஆம் ஆண்டு மே 23-ஆம் நாள் சத்திய தருமசாலையைத் தொடங்கினார். சாதி, மதம், ஊர் எதுவும் கேளாமல் பசி என்ற ஒன்றை மட்டும் பார்த்து உணவிடுவது அதன் முறை. அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. பசி அடைந்தவருக்கு முன் மற்ற வேறுபாடுகள் எல்லாம் சாம்பலாக வேண்டும் என்று அந்த நெருப்பு நமக்குச் சொல்வது போல் இல்லையா?

திருச்சபை காட்டிய வழி

தொடக்கத் திருச்சபையில் எழுந்த முதல் பூசல்களுள் ஒன்று சோறு பற்றியது என்றால் வியப்பாக இருக்கும். அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்களுக்குச் சரியாகப் பங்கு கிடைக்கவில்லை என்ற முறையீடு எழுந்தது. திருத்தூதர்கள் அதை அற்பக் காரியமாகத் தள்ளிவிடவில்லை. நல்லவர் எழுவரைத் தேர்ந்தெடுத்து அப்பணியில் அமர்த்தினர். அவர்களுள் ஒருவரே முதல் மறைசாட்சியாகிய புனித ஸ்தேவான். பந்தி பரிமாறுவதும் திருப்பணியே என்று அன்றே ஆயிற்று.

உரோமை நகரில் 258-ஆம் ஆண்டு மறைசாட்சியாக இறந்த புனித லாரன்சும் திருத்தொண்டரே. திருச்சபையின் செல்வத்தை ஒப்படைக்கும்படி அதிகாரி கட்டளையிட்டபோது, அவர் ஊரிலுள்ள ஏழைகளையும் ஊனமுற்றோரையும் திரட்டி முன்னிறுத்தி, திருச்சபையின் செல்வம் இவர்களே என்றார் என மரபு கூறுகிறது. 4-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித பெரிய பசிலியார், செசாரேயா நகரில் பஞ்சம் வந்தபோது பசித்தோருக்கு உணவளித்தார். நோயாளிகளுக்கும் ஏழைகளுக்கும் நகருக்கு வெளியே பெரும் இல்லம் ஒன்றை எழுப்பினார். நாம் பூட்டி வைத்திருக்கும் உணவு பசித்தவனுடையது, பெட்டியில் மட்கும் ஆடை ஆடையற்றவனுடையது என்ற கருத்தை அவர் தம் மறையுரையில் அஞ்சாமல் எடுத்துரைத்தார். "ஏழையின் பங்கு" என்று நான் தலைப்பிட்டது இதனால்தான்.

மனம் மட்டும் போதாது, முறையும் வேண்டும் என்று காட்டியவர் புனித வின்சென்ட் தே பவுல். 1617-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் ஷாத்தியோன் என்னும் சிற்றூரில் அவர் பங்குக் குருவாக இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு வீட்டில் அனைவரும் நோயில் கிடக்கிறார்கள் என்ற செய்தி வந்தது. அதை அவர் மறையுரையில் சொன்னார். மாலையில் அந்த வீட்டை நோக்கிச் சாரிசாரியாக மக்கள் உணவு எடுத்துச் சென்றார்கள். இரக்கம் பெருகியதில் மகிழ்ச்சிதான். ஆனால் வின்சென்ட் அடிகள் சிந்தித்தார்: இன்று குவியும் உணவில் ஒரு பகுதி கெட்டுப்போகும், நாளை மறுபடியும் பட்டினி! ஆகவே ஊர்ப் பெண்களை ஒன்றுகூட்டி, முறை வைத்து உதவும் சபை ஒன்றை அமைத்தார்.

அந்தச் சபைக்கு அவர் வகுத்த விதிகளைப் படித்தால் நெஞ்சம் உருகும். நோயாளியிடம் போகும் பெண் அன்போடு வணக்கம் சொல்ல வேண்டும். துணி விரித்து, கிண்ணமும் கரண்டியும் வைத்து, இறைச்சியைத் துண்டாக்கித் தன் பிள்ளைக்கு ஊட்டுவது போல் உண்பிக்க வேண்டும். துணைக்கு ஆள் இருக்கும் நோயாளியிடம் முதலில் போய், யாருமற்ற நோயாளியிடம் கடைசியில் போக வேண்டும். ஏன் தெரியுமா? அப்போதுதான் தனியாக இருப்பவருடன் கூடுதல் நேரம் அமர முடியும்! பொருளோடு நேரத்தையும் கொடுக்கும் இவ்வழியில்தான் 1833-இல் பாரிசு நகரில் பிரெடரிக் ஓசானாம் என்னும் இளைஞரும் அவர் நண்பர்களும் வின்சென்ட் தே பவுல் சபையைத் தொடங்கினர். ஏழைகளின் வீடு தேடிச் சென்று காண்பது அதன் முதற்பணி. அச்சபை இன்று நம் பங்குகளிலும் இயங்கி வருகிறது.

வாங்கும் கையின் வலி

இதுவரை கொடுப்பவரைப் பற்றியே பேசினோம். வாங்குபவருக்கு எப்படி இருக்கும்?

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் வேதாரணியத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரை கடந்து, நம் மாவட்டத்தின் தென்னந்தோப்புகளைச் சாய்த்துச் சென்றது. பட்டுக்கோட்டைப் பக்கம் உள்ள என் பெரியப்பாவின் தோப்பும் அதில் போயிற்று. வீட்டின் ஓடுகள் பறந்துவிட்டன. வாசலுக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பாத வீடு அது. அவ்வீட்டார் குடிதண்ணீருக்கும் அரிசிக்கும் வரிசையில் நிற்கும் நாள் வந்தது.

முதலில் ஒரு லாரி வந்ததாம். மேலே நின்றவர்கள் ரொட்டிப் பொட்டலங்களையும் பழைய துணிகளையும் கீழே வீசினார்கள். கைகள் ஏந்தி நிற்பதைப் படம் பிடித்துக்கொண்டார்கள். பெரியப்பா பின்வாங்கி வந்துவிட்டார். அன்றிரவு வீட்டில் அடுப்பு எரியவில்லை. மறுநாள் வேறு சில இளைஞர்கள் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, யார் யாருக்கு என்ன தேவை என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். அடுத்த நாள் தார்ப்பாயும் அரிசியும் மெழுகுவத்தியும், பெண்களுக்கு வேண்டியவற்றைத் தனியே ஒரு பையில் கட்டியும் கொண்டுவந்தார்கள். எல்லாம் இறக்கி வைத்துவிட்டு, "ஐயா, குடிக்க ஏதாவது கிடைக்குமா?" என்று கேட்டார்களாம். சாய்ந்து கிடந்த மரங்களிலிருந்து பெரியப்பா தம் கையாலேயே இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

"அரிசியை விட அந்தப் பிள்ளைகள் என்னிடம் இளநீர் கேட்டதுதான் அன்று எனக்குத் தெம்பாக இருந்தது" என்று அவர் இன்றும் சொல்வார். யாக்கோபின் கிணற்றருகே நம் ஆண்டவர் சமாரியப் பெண்ணிடம் முதலில் தண்ணீர் கேட்டார் அல்லவா? கொடுக்க வந்தவரே கேட்பவராகவும் நின்றார். ஏழையிடமும் கொடுப்பதற்கு ஏதோ ஒன்று இருக்கிறது என்று நம்புவதே அவருக்குச் செய்யும் முதல் மரியாதை.

இடக்கை அறியாமல் வலக்கை கொடுக்கட்டும் என்ற நற்செய்தியின் அறிவுரையை ஆண்டுதோறும் திருநீற்றுப் புதனன்று கேட்கிறோம். கொடுப்பவருக்குத் தற்பெருமை வரக்கூடாது என்பதற்காக மட்டும் அது சொல்லப்பட்டதாக நான் நினைக்கவில்லை. வாங்குபவரின் முகம் பிறர் முன் வாடக்கூடாது என்பதும் அதில் அடங்கியிருக்கிறது.

தருமமும் நீதியும்

இங்கே சிலர் ஒரு தடை எழுப்பக்கூடும். "பிச்சை போட்டால் சோம்பேறிகள் பெருகுவார்கள்" என்பர். திருவள்ளுவரும் இரத்தலைப் புகழவில்லை. "இரவச்சம்" என்று ஓர் அதிகாரமே பாடி, பிச்சை எடுப்பதன் இழிவைச் சொன்னார். ஆனால் அவருடைய சினம் பிச்சைக்காரன்மேல் பாயவில்லை. இரந்துதான் வாழவேண்டும் என்று ஒருவனை வைத்திருந்தால், இவ்வுலகை அப்படி அமைத்தவனே அலைந்து கெடட்டும் என்று கூறும் அளவுக்கு அச்சினம் மேலே சென்றது. ஒருவன் பிச்சை எடுக்கிறான் என்றால், ஏன் எடுக்க நேர்ந்தது என்று கேட்பதும் தருமத்தின் ஒரு பகுதியே.

நம் நெல்வயல்களிலேயே அக்கேள்வி இரத்தத்தால் எழுதப்பட்டிருக்கிறது. 1968-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள், உலகமெல்லாம் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடிய இரவில், கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அந்த உழைப்பாளிகள் கேட்டது பிச்சையன்று. அறுத்த நெல்லுக்கு இன்னும் சிறிது கூலி. உரிய பங்கைக் கேட்டவருக்கு நெருப்பைக் கொடுத்துவிட்டு, கோயில் வாசலில் காசு போட்டு என்ன பயன்?

1951-இல் வினோபா பாவே பூதான இயக்கத்தைத் தொடங்கி ஊர் ஊராக நடந்தார். "உமக்கு ஐந்து மக்கள் இருந்தால் என்னை ஆறாவது மகனாக எண்ணி என் பங்கைக் கொடும்" என்னும் கருத்தில் நிலம் கேட்டார். தானம் என்பதற்குச் சமமாகப் பகிர்தல் என்றே அவர் பொருள் கொண்டார். அந்த இயக்கத்தில் உழைத்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் அம்மையார், வெண்மணிக் கொடுமைக்குப் பின் இப்பகுதிக்கு வந்து தங்கினார். கணவருடன் சேர்ந்து 1981-இல் உழுபவனின் நில விடுதலை இயக்கத்தைத் தொடங்கினார். நிலமற்ற ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு, பெண்களின் பெயரிலேயே நிலம் கிடைக்கச் செய்தார். கதிர் பொறுக்கியவளுக்கு வயலே சொந்தமாயிற்று!

அரசும் இவ்வழியில் சில படிகள் ஏறியிருக்கிறது. காமராசர் 1956-இல் பள்ளிகளில் மதிய உணவைத் தொடங்கினார். எம்.ஜி.ஆர். 1982-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. சத்துணவு உண்ணும் பிள்ளை யாரிடமும் இரக்க வேண்டியதில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தால் போதும். பழைய அறுவடை வயலின் ஓரத்தைப் போல, அது அப்பிள்ளைக்கென்று விட்டுவைத்த பங்கு.

நாம் செய்யத்தக்கவை

12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மைமோனிடிஸ் என்னும் யூத அறிஞர் தருமத்தை எட்டுப் படிகளாகப் பிரித்தார். மனமின்றிக் கொடுப்பது அடிப்படி. கொடுப்பவர் யார், வாங்குபவர் யார் என்று இருவருக்கும் தெரியாமல் கொடுப்பது உயர்ந்த படி. எல்லாவற்றுக்கும் மேலானது, ஒருவருக்கு வேலை கொடுத்தோ, கடன் கொடுத்தோ, தொழிலில் சேர்த்தோ அவர் மீண்டும் கை ஏந்தாதபடி நிற்கச் செய்வது. கல்வி கொடுப்பதும் இந்த மேற்படியைச் சேர்ந்ததே. நம் ஊருக்கு அருகிலுள்ள பழமார்நேரியில் 1864-இல் பிறந்த சர் பி. எஸ். சிவசாமி ஐயர், தம் செல்வத்தைக் கல்விக்கென வழங்கியவர். திருக்காட்டுப்பள்ளியில் ஒரு மேல்நிலைப் பள்ளி அவர் பெயரையும், சென்னை மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளி அவர் துணைவியார் பெயரையும் தாங்கி நிற்கின்றன.

நம்மிடம் செல்வம் இல்லையே என்று தயங்க வேண்டாம். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைக்கும் பிடியரிசி வழக்கம் நம் தாய்மார் அறிந்ததே. மிசோரம் மாநிலத்துக் கிறிஸ்தவப் பெண்கள் 1910 முதல் ஒவ்வொரு முறை சமைக்கும்போதும் இவ்வாறு ஒரு பிடி அரிசியை இறைப்பணிக்கென எடுத்துவைத்து வருகிறார்கள். இதில் ஓர் அழகு உண்டு. உண்டு மிஞ்சியதைக் கொடுப்பதன்று இது. உலையில் இடும் முன்னரே பிறர் பங்கைப் பிரித்துவிடுவது. செல்வர் வீட்டிலும் கூலிக்காரர் வீட்டிலும் பிடி ஒரே அளவுதான். ஏழைக் கைம்பெண்ணின் இரு காசை ஆண்டவர் பாராட்டியதன் காரணம் இங்கே விளங்கும்.

தோழியரே! தவக்காலக் காணிக்கைக்கும் கிறிஸ்துமஸ் உதவிக்கும் நாம் பொருள் கொண்டுவரும்போது சிலவற்றை நினைவில் கொள்வோம். நாம் உடுத்த வெட்கப்படும் துணியைக் கொடுக்க வேண்டாம். துவைத்து, பொத்தான் தைத்து, மடித்துக் கொடுப்போம். எதைக் கொடுக்கலாம் என்று நாமே முடிவு செய்யாமல், என்ன தேவை என்று கேட்போம். உதவி பெறும் தோழியின் பெயரைப் பலர் அறியச் சொல்லாதிருப்போம். அவளிடம் கணக்குப் பாடத்தில் ஐயம் கேட்போம், கோலம் போடக் கற்றுக்கொள்வோம். அவளும் நமக்குக் கொடுக்கட்டும். வாயிலில் கை நீட்டும் முதியவருக்குக் காசு போடுவதற்கு முன் அவர் முகத்தைப் பார்த்து, "தாத்தா, சாப்பிட்டீர்களா?" என்று ஒரு வார்த்தை கேட்போம்.

பெற்றோர்களுக்கும் ஒரு பணிவான வேண்டுகோள். வீட்டு வேலைக்கும் வயல் வேலைக்கும் வருவோரின் கூலியைக் குறைக்காமல், நாள் கடத்தாமல் கொடுங்கள். அதன் பிறகு செய்யும் தருமமே இறைவன் திருமுன் தருமமாக நிற்கும் என்று நம்புகிறேன்.

சத்திரத்தின் நள்ளிரவு மணி இன்று ஒலிப்பதில்லை. ஆயினும் பசித்திருப்பவர் நம் தெருவிலும் நம் வகுப்பிலும்கூட இருக்கக்கூடும். அவர் வந்து கேட்கும்வரை காத்திராமல், அவருடைய பங்கை அவருக்கு மரியாதையோடு கொண்டுபோய்ச் சேர்க்கும் நல்ல மனத்தை எல்லாம் வல்ல இறைவன் நம் ஒவ்வொருவருக்கும் அருள்வாராக!

— பத்தாம் வகுப்பு மாணவி